பத்தாவது நிமிடத்துக்கு உடுத்துங்கள்: குளிரில் சைக்கிள் ஓட்ட உடையும் காலணியும்

குளிர்காலத்தில் முதன்முறையாகச் சைக்கிளை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கிளம்புகிறார்கள். உடம்புக்கு, அலமாரியில் இருப்பதிலேயே தடிமனான ஜாக்கெட். கைக்கு ஏதோ ஒரு மெல்லிய கையுறை. காலுக்கு எப்போதும் போடும் அதே ஷூ. கால் மணி நேரத்தில் முதுகு வியர்வையில் ஊறிவிடும், கால் விரல்கள் மரத்துப்போகும். 'குளிரில் சைக்கிள் நமக்குச் சரிப்படாது' என்று வண்டியை மூலையில் சாத்திவிடுவார்கள். குளிரைக் குறை சொல்லிப் பயனில்லை, உடுத்திய கணக்குதான் தலைகீழ். மிதிக்க ஆரம்பித்தால் நெஞ்சும் முதுகும் தொடையும் தாமாகவே சூடாகிக்கொள்ளும். கை விரல், கால் விரல், காது மூன்றுக்கும் அந்தத் திறமை கிடையாது. ஆகவே நடு உடம்புக்குக் குறைத்தும், ஓரங்களுக்குக் கூட்டியும் உடுத்த வேண்டும்.

காற்று ஒரு பக்கம், வியர்வை ஒரு பக்கம்

வாசலில் நிற்கும்போது உறைக்கும் குளிர் வேறு, சைக்கிளில் உறைக்கும் குளிர் வேறு. இலை அசையாத நாளில்கூட மணிக்கு 25 கிலோமீட்டரில் போனால், அந்த வேகத்துக்கு ஓர் எதிர்க்காற்றை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். 5 டிகிரி செல்சியஸில் அந்த வேகத்துக் காற்று வெறும் தோலில் பட்டால் ஏறக்குறைய 0 டிகிரி போல இருக்கும். மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் காற்று என்றால் அது மைனஸ் 20-ஐ எட்டிவிடும். கைப்பேசியில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு உடுத்துபவர்கள் ஏமாறுவது இங்கேதான். காற்றின் வேகத்தையும் திசையையும் சேர்த்துப் பாருங்கள். வழியைத் தேர்ந்தெடுக்க முடியுமானால், போகும்போது எதிர்க்காற்றும் திரும்பும்போது பின்காற்றுமாக அமைத்துக்கொள்ளுங்கள். வியர்த்த உடம்போடு எதிர்க்காற்றில் திரும்புவதைப் போன்ற தண்டனை வேறில்லை.

வியர்வை ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஏற்றத்தில் நனைந்த பனியன், இறக்கத்தில் ஐஸ் ஒத்தடம் ஆகிவிடும். அதனால் குளிர்காலத்தில் முதல் வேலை வியர்க்காமல் பார்த்துக்கொள்வது, அதற்கு அடுத்ததுதான் போர்த்திக்கொள்வது.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. உடுத்திக்கொண்டு வெளியே வந்து ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். லேசாக நடுங்குவது போல, 'இன்னொரு சட்டை போட்டிருக்கலாமோ' என்று தோன்றினால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள். இதமாக இருந்தால் ஓர் அடுக்கு அதிகம், கழற்றிவிடுங்கள். பத்தாவது நிமிடத்தில் உடம்பு சூடு பிடிக்கும். அந்தப் பத்தாவது நிமிடத்துக்குத்தான் உடுத்த வேண்டும், வாசலில் நிற்கும் நேரத்துக்கு அல்ல.

விதிவிலக்குகள் இருக்கின்றன. மின்சார சைக்கிள் ஓட்டுபவருக்கு வேகம் அதிகம், உழைப்பு குறைவு. அதாவது காற்று கூடுதல், உள்சூடு குறைவு. அவருக்கு ஓர் அடுக்கு கூடவே வேண்டும். பின் இருக்கையில் குழந்தையை வைத்து ஓட்டுபவர்கள் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் மிதித்து வியர்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் குழந்தை அசையாமல் காற்றில் உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்குச் சூடாக இருக்கிறது என்பதை வைத்து அதற்குக் கணக்குப் போடாதீர்கள். நின்று பார்ப்பவருக்கு எவ்வளவு உடை வேண்டுமோ அவ்வளவும், அதற்கு மேல் ஒரு போர்வையும் தேவை.

மேல் உடம்பு: மூன்று அடுக்கு

ஒரே தடிமனான உடையைவிட மூன்று மெல்லியவை மேல். இடையில் சிறைப்படும் காற்று குளிரைத் தடுக்கும் என்பது ஒரு காரணம். வழியில் ஒன்றைக் கழற்றிப் பையில் போட முடியும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

தோலை ஒட்டிய முதல் அடுக்கின் வேலை வியர்வையைத் தோலிலிருந்து அப்புறப்படுத்துவது. இது உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் வியர்வையைத் தொடாது, தொடாவிட்டால் உறிஞ்சாது. துணி மெரினோ கம்பளியாகவோ பாலியஸ்டராகவோ இருக்கட்டும். மெரினோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது, நாற்றமும் சீக்கிரம் பிடிக்காது. பாலியஸ்டர் ஈரத்தை ஏறக்குறைய வாங்கவே வாங்காது. மேற்பரப்பு வழியாகப் பரப்பிச் சீக்கிரம் உலர்த்திவிடும். ஆனால் இரண்டு நாள் துவைக்காமல் போட்டால் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். மெரினோவில் சதுர மீட்டருக்கு 150 கிராம் துணி மிதமான குளிருக்கும், 200 முதல் 250 வரை கடும் குளிருக்கும் பொருந்தும். சந்தேகம் இருந்தால் மெல்லியதையே எடுங்கள். உடைச் சீட்டில் இந்த எண் அச்சிட்டிருக்கும்.

பருத்தி பனியன் வேண்டாம். வெயில் காலத்தில் பருத்தியைப் போல ஒரு துணி இல்லைதான். ஆனால் அது வியர்வையைக் குடித்துவிட்டு உலராமல் தோலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். மேலே எவ்வளவு உயர்ந்த ஜாக்கெட் போட்டாலும் உள்ளே பருத்தி இருந்தால் அது வீண்.

நடு அடுக்கு சூட்டைப் பிடித்து வைப்பதற்கு. மெல்லிய ஃப்ளீஸ், உள்பக்கம் பொசுபொசுவென்று இருக்கும் முழுக்கை ஜெர்சி, அல்லது வீட்டில் இருக்கும் மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் போதும். புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. முன்பக்கம் முழு நீள ஜிப் இருப்பது நல்லது, ஏற்றத்தில் ஒரு கையால் இறக்கிவிடலாம். இறகு அடைத்த ஜாக்கெட்டை இந்த இடத்தில் போடாதீர்கள். வியர்வையில் நனைந்தால் இறகு சுருண்டு கட்டியாகி, சூடு காக்கும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிடும். அதைப் பையில் வையுங்கள், நிற்கும்போது உதவும்.

வெளி அடுக்கில்தான் பலரும் பணத்தைக் கொட்டுகிறார்கள், பெரும்பாலும் தப்பான இடத்தில். மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டால் காற்று உள்ளே வராது, ஆனால் வியர்வையும் வெளியே போகாது. உலர்ந்த குளிரில் வேண்டியது மழைத் தடுப்பு இல்லை, காற்றுத் தடுப்பு. நல்ல சைக்கிள் ஜாக்கெட்டின் நெஞ்சும் கையின் முன்பக்கமும் காற்றுப் புகாத துணியாகவும், முதுகும் அக்குளும் மூச்சு விடும் துணியாகவும் இருக்கும். காற்று முன்னாலிருந்து வருகிறது, வியர்வை பின்னால் ஊறுகிறது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் கடையில் எந்த ஜாக்கெட்டை எடுத்தாலும் நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடலாம். மலைச் சாலைப் பந்தய வீரர்கள் இறக்கத்துக்கு முன்னால் ஒரு செய்தித்தாளை மடித்து நெஞ்சுப் பக்கம் சட்டைக்குள் செருகிக்கொள்ளும் பழைய வழக்கமும் இதே தத்துவம்தான். அவசரத்துக்கு இன்றும் அது வேலை செய்யும்.

வாங்கும்போது சைக்கிளில் உட்காரும் வாக்கில் குனிந்து, கைகளை முன்னால் நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டு வெளியே தெரிந்தாலோ, இடுப்புக்குப் பின்னால் சட்டை ஏறிக்கொண்டாலோ அது உங்களுக்கான அளவு இல்லை. கீழ் முதுகில் ஒரு விரற்கடை வெற்றுத்தோல் தெரிந்தாலும் காற்று அதைத் தேடிக் கண்டுபிடிக்கும். பின்பக்கம் நீண்டிருக்கும் ஜாக்கெட், தோள்பட்டை வார் உள்ள கால்சட்டை இரண்டுமே இந்த இடைவெளியை அடைப்பதற்காக வந்தவை.

மழையும் பனிச்சேறும் உள்ள ஊரில் நீர் புகாத ஜாக்கெட்டும் வேண்டும். அதன் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: நீர் தாங்கும் அளவு மில்லிமீட்டரில், ஆவி வெளியேறும் அளவு கிராமில். இரண்டும் 10,000-க்குக் குறையாமல் பாருங்கள். சைக்கிளுக்கு இரண்டாவது எண் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. அக்குளில் ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. எண் எதுவானாலும், ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்தால் எந்தத் துணியும் அவ்வளவு வியர்வையையும் வெளியேற்றாது. வியர்ப்பதற்கு முன்பே ஜிப்பை இறக்கிவிடும் பழக்கம்தான் காப்பாற்றும். முதுகுப் பையும் ஓர் எதிரி. சாமானைப் பக்கவாட்டுப் பைக்கு மாற்றினாலே முதுகு வியர்வை நன்றாகக் குறைந்துவிடும்.

கால்சட்டை

தொடை உழைக்கும் தசை, அதனால் மேல் உடம்பு அளவுக்கு இங்கே அடுக்குகள் தேவைப்படாது. முழங்கால் மட்டும் தனி ரகம். அதன் மேல் தசையும் இல்லை, கொழுப்பும் இல்லை, தோலுக்கு அடியில் நேராக மூட்டு. 15 டிகிரிக்குக் கீழே போனால் முழங்காலை மூடிவிடுங்கள். 5 டிகிரி வரை உள்பக்கம் பஞ்சு போல மிருதுவான, காலோடு ஒட்டிய கால்சட்டை ஒன்றே போதும். அதற்குக் கீழே முன்பக்கம் காற்றுத் தடுப்புத் துணி வைத்தது வேண்டும். இருக்கைப் பஞ்சு வைத்த கால்சட்டைக்குள் ஜட்டி போட வேண்டாம், தையல் உரசிப் புண்ணாகும். ஆண்கள் கடும் குளிரில் அடிவயிற்றுக்குக் கீழே காற்றுத் தடுப்பு உள்ளாடை போடுவதைக் கூச்சத்தால் தவிர்த்துவிட்டு, பிறகு வலியோடு தெரிந்துகொள்கிறார்கள்.

ஜீன்ஸ் பருத்தி என்பதை மறக்க வேண்டாம். அலுவலக பேன்ட் போட்டு ஓட்டுபவர்கள் உள்ளே மெல்லிய மெரினோ தெர்மல் போட்டுக்கொள்ளலாம். வலது காலின் ஓரத்தை ஒரு பட்டையால் கட்டுங்கள், இல்லாவிட்டால் செயின் கவ்வும். அந்தப் பட்டை ஒளிதிருப்பும் பட்டையாக இருந்தால் இரட்டை லாபம். மேலும் கீழும் ஆடும் கணுக்கால் ஒளி தூரத்திலிருந்தே ஓட்டுநர் கண்ணில் படும். பளீர் மஞ்சள் துணி பகலுக்குத்தான். சீக்கிரம் இருட்டிவிடும் குளிர்காலத்தில் ஒளிதிருப்பும் பட்டையும் விளக்கும்தான் கை கொடுக்கும்.

கை

கையுறை சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைக் காக்கும், அவ்வளவுதான். வீட்டுக்குள்ளேயே, கை வெதுவெதுப்பாக இருக்கும்போதே மாட்டிக்கொள்ளுங்கள். வெளியே வந்து பூட்டைத் திறந்து, விளக்கைப் பொருத்தி, விரல் சில்லிட்ட பிறகு மாட்டினால் அரை மணி நேரமானாலும் சூடு ஏறாது. பூட்டுத் திறக்கும் வேலைக்கு உள்ளே ஒரு மெல்லிய கம்பளிக் கையுறை, அதன் மேல் தடிமனானது என்று இரண்டாக வைத்துக்கொள்வது வசதி. பஞ்சர் ஒட்டும்போதும் அந்த மெல்லியது கையிலேயே இருக்கும்.

அளவில் ஏமாறாதீர்கள். மேலுறையை உள் கையுறையோடு சேர்த்து மாட்டிப் பாருங்கள். விரல்களை மடக்கினால் விரல் நுனி தையலில் முட்டக் கூடாது. இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், அப்புறம் எவ்வளவு தடிமன் இருந்தாலும் குளிரும். மாட்டியபடியே பிரேக்கை முழுதாக அழுத்துங்கள், கியரை இரண்டு முறை மாற்றுங்கள், ஜாக்கெட் ஜிப்பை இழுங்கள். மூன்றில் ஒன்று தடுமாறினாலும் அந்தக் கையுறை வேண்டாம்.

0 டிகிரி வரை ஐந்து விரல் கையுறை தாங்கும். அதற்குக் கீழே விரல்களைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பதே நஷ்டம். இரண்டிரண்டு விரலாகச் சேர்ந்து நண்டுக் கொடுக்குப் போல இருக்கும் கையுறையில் பிரேக்கும் பிடிக்கலாம், விரல்களும் ஒன்றையொன்று சூடாக்கும். மைனஸ் 10-க்குக் கீழே ஹேண்டில்பாரிலேயே மாட்டி வைக்கும் பெரிய உறைகள்தான் சரி. பிரேக், கியர் எல்லாம் உறைக்குள்ளேயே இருக்கும், உள்ளே மெல்லிய கையுறையோடு கையை நுழைத்துக்கொள்ளலாம். பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும் என்பதைத் தவிர அதில் குறையே இல்லை. உறையிலிருந்து கையைச் சட்டென்று எடுக்க முடிகிறதா என்று போக்குவரத்து இல்லாத இடத்தில் பழகிவிட்டுச் சாலைக்கு வாருங்கள்.

கை குளிர்வதற்கு பிரேக் லீவரும் ஒரு காரணம். அலுமினியம் விரலிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஹேண்டில்பார் டேப்பில் ஒரு துண்டையோ ரப்பர் உறையையோ லீவரில் சுற்றுங்கள். சின்ன வேலை, பெரிய பலன்.

சட்டைக் கையும் கையுறையும் சேரும் இடத்துக்கும் ஒரு முறை உண்டு. உலர்ந்த குளிரில் கையுறை வாய் ஜாக்கெட் கையின் மேலே இருக்கட்டும், காற்று உள்ளே புகாது. மழையில் அதையே மாற்றி, கையுறை வாயை ஜாக்கெட் கைக்குள் விடுங்கள். கை வழியாக வழியும் தண்ணீர் கையுறைக்குள் இறங்காமல் வெளியே போய்விடும்.

கால்: அதிகம் தவறு நடக்கும் இடம்

கை குளிர்ந்தால் உதறிக்கொள்ளலாம், பைக்குள் விட்டுக்கொள்ளலாம். பாதம் அப்படியில்லை. பெடலில் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு, விரல் அசையாமல், தரைக்கு அருகே நேராகக் காற்றை வாங்கிக்கொண்டு, முன்சக்கரம் வாரியடிக்கும் ஈரத்தையும் குடித்துக்கொண்டு கிடக்கிறது. குளிரில் ஓட்டுபவர்களின் புலம்பலில் பெரும்பங்கு பாதத்தைப் பற்றியதுதான்.

எனவே காலணிக்கு முன்னால் மட்கார்டு. முன்சக்கர மட்கார்டின் நுனியில் தரையிலிருந்து ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் மேலே வரும்படி ஒரு ரப்பர் தாளைத் தொங்கவிடுங்கள். பாதத்தில் படும் நீரில் பெரும்பகுதி முன்சக்கரத்திலிருந்துதான் வருகிறது. நனையாத சாதாரண ஷூ, நனைந்த விலையுயர்ந்த ஷூவைவிடச் சூடாக இருக்கும்.

அடுத்தது இடம். புதியவர்கள் செய்யும் முதல் காரியம் இரண்டு ஜோடி சாக்ஸ் போடுவது. அதே ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் பாதம் இறுகும், ரத்தம் ஓடாது, ஒற்றை சாக்ஸோடு இருந்ததைவிட மோசமாகக் குளிரும். ஒரே ஒரு நல்ல கம்பளி சாக்ஸ், கணுக்காலுக்கு மேலே கெண்டைக்கால் வரை ஏறுவது, போதும். ஷூ அதற்கு இடம் கொடுக்க வேண்டும். குளிர்காலக் காலணியை மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், அந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். நின்றபடி, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலி இருக்க வேண்டும். ஐந்து விரலையும் உள்ளே பியானோ வாசிப்பது போல அசைக்க முடிய வேண்டும். பெரும்பாலும் அரை அளவு முதல் ஓர் அளவு பெரியதாக வரும்.

பெடலில் மாட்டும் கிளீட் (ஷூவின் அடியில் திருகும் கொக்கி) வைத்த ஷூவை வெயில் காலத்திலிருந்தே ஓட்டி வருபவர்கள் அதைத் திருப்பி அடியைப் பாருங்கள். கிளீட்டுக்கான ஆணித் துளைகள், மேலே காற்றோட்டத்துக்கு வலைத்துணி. வெயிலுக்குச் செய்த வசதிகள் எல்லாம் இப்போது ஓட்டைகள். உள்தகட்டை எடுத்துவிட்டு, துளைகள் மேல் ஒட்டு டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். அதன் மேல் கம்பளியை அழுத்திச் செய்த மெல்லிய உள்தகட்டைப் போடுங்கள். உலோகக் கிளீட் வழியாக ஏறும் குளிர் இதில் பெருமளவு நின்றுவிடும். உள்தகடு தடிமனாகி விரல் மேல் துணியில் முட்டினால் மட்டும் இந்த வேலை வேண்டாம், இடத்தைத் திருடிக் கொடுக்கும் சூடு சூடே இல்லை. வெளியே விரல் பகுதியை மட்டும் மூடும் குட்டி உறை 5 டிகிரி வரை போதும். அதற்குக் கீழே 3 முதல் 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் என்ற நுரை ரப்பரால் ஆன முழு உறை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி ஏற்ற வேண்டும், ஜிப்பை வைத்து இழுத்தால் முதல் மாதத்திலேயே கிழியும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை கிளீட் அல்ல, தட்டையான பெடல். பனியில் சக்கரம் வழுக்கினால் காலை உடனே தரையில் ஊன்றலாம், கிளீட்டில் பனி அடைத்துக்கொண்டு மாட்டாமல் தகராறு செய்வதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கணுக்கால் வரை மூடும் எந்தக் குளிர்காலப் பூட்ஸையும் போட்டு ஓட்டலாம். பெடல் உலோகத்தைவிட நைலானாக இருந்தால் பாதத்துக்குக் குளிர் குறைவாக ஏறும். மேலே சின்னச் சின்ன முளைகள் இருக்கட்டும், ஈரத்தில் வழுக்காது. பூட்ஸின் அடி மென்மையான ரப்பராக, ஆழமான வரிகளோடு வேண்டும். வழவழப்பான தோல் அடி பனிக்கட்டியில் சோப்பு போல வழுக்கும்.

பெரிய பூட்ஸ் போட்டதும் மூன்று விஷயங்களை வண்டியில் சரிபார்க்க வேண்டும். குதிகால் பெடலைத் தாங்கும் கிராங்கிலோ பின்பக்கச் சட்டத்திலோ உரசுகிறதா? மெதுவாகத் திரும்பும்போது விரல் நுனி முன் மட்கார்டில் இடிக்கிறதா? அடித்தகடு தடிமனாகியிருப்பதால் முழங்கால் வழக்கத்தைவிட அதிகமாக மடங்குகிறதா? கடைசியானது உண்மை என்றால் இருக்கையை அந்தத் தடிமன் அளவுக்கு, சில மில்லிமீட்டர், உயர்த்துங்கள். இதைச் செய்யாமல் ஒரு மாதம் ஓட்டிவிட்டு முழங்கால் வலிக்குக் குளிரைக் குற்றம் சொல்வார்கள்.

மழைநாளில் போடும் வரிசை: சாக்ஸ், அதன் மேல் கால்சட்டை ஓரம், ஷூ, ஷூ உறை, கடைசியில் மழை பேன்ட்டின் ஓரம் உறைக்கு வெளியே. பேன்ட்டை உறைக்குள் செருகினால் காலில் வழியும் தண்ணீர் அத்தனையும் ஷூவுக்குள் சேர்ந்து குளமாகும். உறையோ நீர் புகாதது, வந்த தண்ணீரையும் வெளியே விடாது.

இத்தனைக்குப் பிறகும் குளிர்ந்தால் இறங்கி ஐந்து நிமிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள். விரல் மடங்கி நிமிரும்போது ரத்தம் இறங்கும், எந்தக் கருவியைவிடவும் இது வேகமாக வேலை செய்யும். இரும்புத்தூள் வைத்த சூட்டுப் பொட்டலங்களும் உண்டு. அவை காற்றுப் பட்டால்தான் சூடாகும், மூடிய ஷூவுக்குள் அதனாலேயே மந்தமாகிவிடும். பாதத்துக்கென்று தனியாக வருவதை வாங்கி, கிளம்புவதற்குச் சில நிமிடம் முன்பே பிரித்து, சாக்ஸின் மேல்புறம் விரல்கள் மீது ஒட்டுங்கள். வெறும் தோலில் ஒட்டினால் சுடும். மைனஸ் 15-க்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டுபவர்களிடம் இன்னொரு வித்தை உண்டு: மெல்லிய சாக்ஸ், அதன் மேல் பிளாஸ்டிக் பை, அதன் மேல் கம்பளி சாக்ஸ். பாத வியர்வை உள் சாக்ஸோடு நின்றுவிடும், கம்பளி நனையாது. கால் சற்று ஊறிப்போகும், ஆனால் சூடாக இருக்கும்.

தலை, காது, கழுத்து

வீட்டில் இருக்கும் தடித்த குல்லாவைப் போட்டு அதன் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்க்கக் கூடாது. ஹெல்மெட் மேலேறி, ஆடும், விழுந்தால் காக்காது. காதை மூடும் மெல்லிய குல்லா ஒன்றைப் போட்டு, ஹெல்மெட்டின் பின்னால் உள்ள இறுக்கும் திருகையும் வாரையும் மறுபடி சரிசெய்யுங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் இருக்க வேண்டும். ஹெல்மெட் துளைகள் வழியாகக் காற்று அதிகம் வந்தால் மேலே ஓர் உறை போடலாம்.

மஃப்ளர் வேண்டவே வேண்டாம். தொங்கும் நுனி சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து. குழாய் போல இருக்கும் கழுத்துத் துணி அதன் வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். கழுத்துக்கு, தாடைக்கு, வேண்டுமானால் மூக்கு வரை இழுத்துக்கொள்ளலாம். வாயை மூடி இழுத்தால் மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியில் படியும், மூக்குக்குக் கீழே ஓர் இடைவெளி விடுங்கள். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டால் பனி மூடாது. ஜாக்கெட்டின் தலைமூடியைப் போட்டால் பின்னால் வரும் வண்டி தெரியாது, அதைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். கடும் குளிருக்குக் கண் மட்டும் தெரியும் மெல்லிய மங்கி கேப்பும், பனிச்சறுக்குக் கண்ணாடியும்.

எந்தக் குளிருக்கு எது

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சரியானது இன்னொருவருக்கு ஓர் அடுக்கு கூடவோ குறையவோ இருக்கும்.

15 முதல் 10 டிகிரி: முழுக்கை ஜெர்சி, பையில் கையில்லாத காற்றுத் தடுப்பு, முழங்கால் மூடிய கால்சட்டை, மெல்லிய முழுவிரல் கையுறை.

10 முதல் 5: மெல்லிய மெரினோ, அதன் மேல் காற்றுத் தடுப்பு ஜாக்கெட், உள்பக்கம் மிருதுவான கால்சட்டை, காதுப் பட்டை, கம்பளி சாக்ஸ், ஷூவின் விரல் பகுதிக்கு உறை.

5 முதல் 0: மூன்று அடுக்கும், முன்பக்கம் காற்றுத் தடுப்புள்ள கால்சட்டை, குல்லா, கழுத்துத் துணி, குளிர்காலக் கையுறை, முழு ஷூ உறை அல்லது பூட்ஸ்.

0 முதல் மைனஸ் 10: மேல் உடம்பில் பெரிய மாற்றம் தேவையில்லை, நடு அடுக்கு மட்டும் சற்றுக் கனமாகட்டும். கையும் காலும் மாறும்: நண்டுக் கையுறை, பூட்ஸ்.

அதற்கும் கீழே: ஹேண்டில்பார் உறை, முகம் முழுதும் மூடல், ஓர் அளவு பெரிய பூட்ஸ், குறைந்த தூரம்.

முதல் மாதம் திரும்பி வந்ததும் ஒரு வரி எழுதி வையுங்கள்: வெப்பநிலை, காற்று, எத்தனை நிமிடம், என்ன போட்டோம், எது குளிர்ந்தது. பதினைந்து வரி சேர்ந்தால் உங்கள் உடம்புக்கான அட்டவணை தயார். அப்புறம் மேலே உள்ளதைப் பார்க்க வேண்டியதில்லை.

கூட எடுத்துப் போக வேண்டியவை

பஞ்சரானால் பத்தே நிமிடத்தில் உள்சூடு இறங்கிவிடும். நின்றவுடன், குளிர் தெரிவதற்கு முன்பே, மேலே போட ஒரு மெல்லிய பஞ்சு ஜாக்கெட்டும், ஒரு ஜோடி உலர்ந்த கையுறையும் சாக்ஸும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருங்கள்.

விரல் நுனியோ மூக்கோ காதோ வெளுத்து, உணர்வு இல்லாமல் போனால் ஓட்டுவதை நிறுத்துங்கள். தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம். விரலை அக்குளில் வையுங்கள், காதை உள்ளங்கையால் மூடுங்கள். வீட்டுக்கு வந்தால் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீர். கொதிக்கும் நீரோ ஹீட்டரோ கூடாது, மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்தாலோ உணர்வு திரும்பாவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். கூட வருபவருக்கு அடக்க முடியாத நடுக்கமும், நாக்குக் குழறலும், ஜிப் போடக்கூட முடியாத தடுமாற்றமும் தெரிந்தால் அது உடல் வெப்பமே இறங்குவதன் அறிகுறி. காற்றுப் படாத இடத்துக்கு அழைத்துப்போய், ஈர உடையை மாற்றி, நெஞ்சுப் பகுதியை முதலில் சூடாக்கி, உடனே உதவி கேளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

சைக்கிளைத் துடைக்கும் முன் ஈர பனியனை மாற்றுங்கள். நின்ற பிறகுதான் வியர்வை உண்மையில் குளிர்விக்க ஆரம்பிக்கும்.

மெரினோவைக் குளிர்ந்த நீரில், கம்பளிக்கான சோப்பில் அலசி, தொங்கவிடாமல் தட்டையாக உலர்த்துங்கள். நீர் புகாத ஜாக்கெட்டுக்கும் வியர்வை உறிஞ்சும் துணிக்கும் துணி மென்மையாக்கி ஊற்றக் கூடாது, நுண்துளைகளில் படிந்து அவற்றின் வேலையைக் கெடுத்துவிடும். ஜாக்கெட்டின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணிக்குள் ஊற ஆரம்பித்தால் கிழிந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். துவைத்து, சீட்டு அனுமதித்தால் குறைந்த சூட்டில் இயந்திரத்தில் உலர்த்திப் பாருங்கள், மேற்பூச்சு பெரும்பாலும் உயிர் பெறும். அப்படியும் உருளாவிட்டால் தெளிப்புப் பூச்சு அடிக்கலாம்.

ஷூவின் உள்தகட்டை வெளியே எடுங்கள். நாக்கைத் திறந்து, செய்தித்தாளைக் கசக்கி விரல் பகுதி வரை அடையுங்கள். ஒரு மணி நேரத்தில் அது ஊறிப்போயிருக்கும், எடுத்துவிட்டுப் புதுத்தாள் வையுங்கள். தூங்கப் போகும் முன் மூன்றாவது முறை. ஹீட்டர் மேல் வைத்தால் சீக்கிரம் காயும்தான், ஆனால் பசை விடும், தோல் வெடிக்கும், அடுத்த மழையில் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகவே வரும். காலையில் உள்ளே கையை விட்டு விரல் நுனி வரை தடவிப் பாருங்கள். சில்லென்று பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, அன்றைக்கு வேறு ஷூ.